வால்வு கியர் ஆட்டம் கண்டால்: பெரிய பின்னா, புஷ்ஷா, புது லிங்க்கா?

5 அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் என் மாடல் டேங்க் என்ஜின் (தண்ணீர்த் தொட்டியைத் தன் மேலேயே சுமக்கும் நீராவி ரயில் என்ஜின்) நொண்ட ஆரம்பித்ததைக் காதுதான் முதலில் சொன்னது. இரண்டு சிலிண்டர் நீராவி என்ஜினில் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் புகைபோக்கியில் நான்கு ‘சுக்’ வர வேண்டும். நான்கும் ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி. என்னுடையதில் மூன்று சரியாக வந்து, நான்காவது வெறும் இருமலாக முடிந்தது. ஓடும் திசையையும் வால்வின் ஓட்டத்தையும் மாற்றும் லீவரைக் கொஞ்சம் நடுப்பக்கம் இழுத்து நீராவியை மிச்சம் பிடிக்கலாம் என்றால், என்ஜின் திணறியது. லீவரைக் கடைசிவரை தள்ளி, முழுக் கியரிலேயே ஓட்டினேன். பாய்லர் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது.

சிலிண்டருக்குள் நீராவியை விடுவதும் வெளியேற்றுவதும் வால்வு. அதைப் பிடித்து நகர்த்தும் கம்பி ஸ்பிண்டில். சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து அதை அசைக்கும் ராட்களும் மூட்டுகளும் சேர்ந்ததுதான் வால்வு கியர். அப்போது என் கை நேராகப் போனது வால்வு ஸ்பிண்டில் நட்டுக்கு. டைமிங் நகர்ந்திருக்கும், அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு முழு மாலை அதில் போனது. ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கெட்டது. நட்டைத் திருப்பினால் வால்வு மொத்தமாக முன்னாலோ பின்னாலோ நகரும், அவ்வளவுதான். மூட்டுகள் தேய்ந்து தளர்ந்ததால் விழுந்த ஆட்டம் அப்படியே இருக்கும். அதனால் நட்டைத் திருப்புவதை ஒரு வழியாகவே நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. அது எல்லா வேலையும் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

ஆட்டம் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். என் என்ஜினில் பிஸ்டன் கடைசிக்கு வந்து நிற்கும்போது நீராவித் துளை 0.2 மி.மீ. திறந்திருக்க வேண்டும். இதைத்தான் லீடு என்கிறோம். ஸ்பிண்டிலில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகோல்) வைத்து வால்வைக் கையால் தள்ளி இழுத்துப் பார்த்ததில் 0.6 மி.மீ. ஆட்டம் இருந்தது. வால்வு எந்தத் திசையில் போனாலும் அதில் பாதியளவு, அதாவது 0.3 மி.மீ., பின்தங்கும். 0.2 திறந்திருக்க வேண்டிய துளை அந்த நேரத்தில் 0.1 மூடிக் கிடக்கிறது. லீவரை நடுப்பக்கம் இழுக்க இழுக்க வால்வின் ஓட்டமே சிறிதாகிறது, இழந்த 0.6 மட்டும் குறைவதில்லை. என்ஜின் திணறியதற்குக் காரணம் இதுதான்.

எந்த மூட்டில் ஆட்டம்?

எந்த வழியில் பழுது பார்ப்பது என்று முடிவு செய்யும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நானும் போயிருக்கிறேன்.

என்னுடையது வால்ஷார்ட்ஸ் கியர். பெல்ஜியத்தைச் சேர்ந்த எகிட் வால்ஷார்ட்ஸ் 1844-ல் உருவாக்கிய அமைப்பு, மாடல் என்ஜின்களில் இன்றும் பரவலாகப் பார்ப்பது. சக்கரத்தோடு சுற்றும் ரிட்டர்ன் கிராங்க் எக்சென்ட்ரிக் ராடைத் தள்ளி இழுக்கும். அது லிங்க் என்னும் வளைந்த பள்ளமுள்ள துண்டை ஆட்டும். பள்ளத்தில் உள்ள டை ப்ளாக் அந்த அசைவை ரேடியஸ் ராட் வழியாக வால்வுப் பக்கம் கொண்டுபோகும். லீவர் நகர்த்துவது அந்த ப்ளாக்கைத்தான். ஒரு பக்கத்துக்குத் தேயக்கூடிய இடங்களை எண்ணினேன். ரிட்டர்ன் கிராங்க் பின், எக்சென்ட்ரிக் ராட் லிங்க்கின் அடியில் சேரும் பின், லிங்க்கைத் தாங்கும் ட்ரனியன், லிங்க்கின் வளைந்த பள்ளத்தில் ஓடும் டை ப்ளாக், அதன் நடுவில் உள்ள பின், ரேடியஸ் ராடின் முன்முனை, வால்வு ஸ்பிண்டில் மூட்டு, கீழே யூனியன் லிங்க்கின் இரண்டு பின்கள். மொத்தம் ஒன்பது.

ஒன்பதும் ஒரே அளவில் கெடுதல் செய்வதில்லை. யூனியன் லிங்க் வழியாக வரும் பிஸ்டனின் அசைவை ரேடியஸ் ராடின் அசைவோடு சேர்த்து வால்வுக்குக் கொடுக்கும் காம்பினேஷன் லீவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பக்கம் உள்ள இரண்டு பின்களுக்கு நடுவே இருக்கும் தூரம் சிறியது, அங்கிருந்து கீழ்முனை வரை உள்ள தூரம் பெரியது. என் என்ஜினில் ஏறக்குறைய ஒன்றுக்கு எட்டு. கீழே யூனியன் லிங்க்கில் 0.4 மி.மீ. ஆட்டம் இருந்தால் வால்வுக்குப் போய்ச் சேருவது 0.05 மட்டும். அதே 0.4 ரேடியஸ் ராடின் முன்முனையில் இருந்திருந்தால் அப்படியே முழுசாக வால்வில் விழும். ரிட்டர்ன் கிராங்க் பின்னின் ஆட்டமும் லிங்க் வழியாக வரும்போது பாதிக்குப் பாதியாவது குறைந்துதான் வரும். லீவர் நடுப்பக்கம் வந்தால் இன்னும் குறையும்.

ஆக, ட்ரனியன், பள்ளம், டை ப்ளாக் பின், ரேடியஸ் ராட் முன்முனை, ஸ்பிண்டில் மூட்டு ஆகிய ஐந்தும் ஆட்டத்தைக் குறைக்காமல் வால்வுக்குக் கொடுப்பவை. மீதி நான்கும் குறைத்துக் கொடுப்பவை. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் முதலில் படுவது அந்த நான்குதான். என் யூனியன் லிங்க் பின்னைக் கையால் ஆட்டியபோது கடகடவென்று சத்தமே கேட்டது. குற்றவாளி இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: 0.6-ல் அதன் பங்கு 0.05. சத்தமே இல்லாமல் இருந்த டை ப்ளாக்கின் பங்கு 0.25.

அளக்கும் விதம் இதுதான். சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்து அசையாமல் நிறுத்துங்கள். டயல் கேஜின் முள்ளை ஸ்பிண்டில் முனையில் வையுங்கள். ஒரு கையால் ஸ்பிண்டிலை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே, மறு கையின் கட்டைவிரல் நகத்தை ராடின் கண்ணும் (பின் நுழையும் ஓட்டையுள்ள முனை) பின்னின் தலையும் சேரும் விளிம்பில் படும்படி வையுங்கள். ஆட்டம் உள்ள மூட்டில் நகத்துக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு தெரியும். 0.05 மி.மீ. கூட நகத்துக்குத் தெரியும். எந்தக் கருவியும் இதைவிடச் சீக்கிரம் சொல்லாது. தட்டுத் தெரிந்த மூட்டில் மட்டும் கேஜை நகர்த்தி அளந்து குறித்துக்கொள்ளலாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். கெட்டியான எண்ணெய் ஆட்டத்தை மறைத்துவிடும்.

பெரிய பின் போடுவது

தேய்ந்த ஓட்டையை ரீமரால் (ஓட்டையைச் சரியான அளவுக்கு அறுத்துப் பெரிதாக்கும் கருவி) ஒரு அளவு பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த பின்னைக் கடைந்து போடுவது. 4.8 மி.மீ. பின் இருந்த இடத்தில் 5 மி.மீ. பின். ஒரே மாலையில் முடியும். புஷ் செய்து அழுத்தும் வேலை இல்லை.

வேகம் பிடித்திருந்தாலும் இதில் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, ஓட்டை வட்டமாகத் தேய்வதில்லை, முட்டை வடிவில்தான் தேயும். ரீமருக்கு சொந்தப் புத்தி கிடையாது, இருக்கிற ஓட்டையைத் தொடர்ந்து போகும். தேய்ந்த பக்கமாகவே சாய்ந்து அறுத்து, இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மாற்றிவிடும். ரேடியஸ் ராடில் இந்தத் தூரம் 0.1 மாறினால் இடது வலது பக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இரண்டாவது, கவட்டை மூட்டில் நடுக்கண்ணை மட்டும் பெரிதாக்க முடியாது, கவட்டையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும். அடுத்த முறை தேய்ந்தால் இன்னும் பெரிய பின். கண்ணைச் சுற்றி இரும்பு ஒல்லியாகிக்கொண்டே போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய என்ஜின்களில் பலர் மைல்டு ஸ்டீல் ராட்களின் கண்ணுக்கு மேல்தோலை மட்டும் கடினப்படுத்தியிருப்பார்கள். அதில் ரீமரை விட்டால் ரீமரின் பல்தான் போகும். அரத்தின் ஓரத்தால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். அரம் வழுக்கினால் ரீமரை வைத்துவிட்டு வேறு வழி தேட வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், ஆட்டத்தைக் குறைத்துக் கொடுக்கும் அந்த நான்கு இடங்களில் மூன்றுக்கு, அதாவது யூனியன் லிங்க்கின் இரண்டு பின்களுக்கும் லிங்க் அடிப் பின்னுக்கும், இந்த வழி போதும். அங்கே தூரம் நூலிழை மாறினாலும் வால்வுக்குத் தெரியாது.

புஷ் போடுவது

ஓட்டையை நன்றாகப் பெரிதாக்கி, பாஸ்பர் வெண்கலத்தில் ஒரு குழாய் போலப் புஷ் கடைந்து அழுத்தி, பழைய அளவிலேயே பின் போடுவது. எனக்கு மூன்று மாலைகள் ஆனது. ஐந்து முக்கிய மூட்டுகளில் பின் உள்ளவற்றுக்கு இதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். ஓட்டையை ரீமரிடம் விடாமல் போரிங் கருவியால் கடைவதால், மையத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவர முடியும். இந்த வழியின் உயிரே அதுதான்.

அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். ஒரு தட்டையான இரும்புப் பலகையில், வரைபடத்தில் உள்ள தூரத்தில் ஒரு முளையை அடித்து, பலகையை லேத்தின் முகத்தட்டில் பொருத்தினேன். மையத்தில் சுற்ற வேண்டிய இடம் கடையப் போகும் கண். முளையில் மாட்டுவது ராடின் தேயாத மறுமுனை. இடது ராடைக் கடைந்ததும் பலகையை அசைக்காமல் வலது ராடை அதே முளையில் மாட்டிக் கடைந்தேன். அளவில் ஒரு சிறு பிழை இருந்தாலும் இரண்டும் ஒரே பிழையோடு இருக்கும், அதை ஸ்பிண்டில் நட்டு சமாளித்துவிடும். இரண்டும் வெவ்வேறாக இருந்தால்தான் என்ஜின் நொண்டும்.

புஷ்ஷின் வெளி அளவு ஓட்டையைவிட 0.01 முதல் 0.02 மி.மீ. பெரிதாக இருந்தால் வைஸின் வாயில் வைத்து அழுத்தவே இறுகிவிடும். அழுத்தியதும் உள்ளோட்டை லேசாகச் சுருங்கும். அதனால் கடைசி ரீமரை அழுத்திய பிறகுதான் விட வேண்டும். எண்ணெய்த் துளையும் அப்புறம்தான். புஷ்ஷின் முகம் கண்ணின் முகத்தைவிட மயிரிழை வெளியே நிற்கட்டும். கவட்டையின் காதோடு இரும்பு உரசாமல் வெண்கலம் உரசும். சுவர் மெலிதாகி அழுத்தப் பயமாக இருக்கும் கண்களில் லாக்டைட் மாதிரி ஒட்டும் திரவத்தை வைத்து ஒட்டுபவர்களும் உண்டு. அது நன்றாகவே பிடிக்கிறது. கழற்ற வேண்டுமென்றால் டார்ச் சூட்டைக் காட்டினால் விட்டுவிடும். அதே காரணத்தால் சிலிண்டரை ஒட்டியுள்ள ஸ்பிண்டில் மூட்டில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

பின்னுக்கு சில்வர் ஸ்டீல் (கடினப்படுத்தக்கூடிய ஒரு வகை எஃகுக் கம்பி). சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, பளபளப்பாகத் தேய்த்து, மறுபடி மெல்லச் சூடாக்கும்போது மஞ்சள் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினால் போதும். பின் கடினம், புஷ் மென்மை. தேய்வது புஷ்தான். அடுத்த முறை அதை மட்டும் தட்டி எடுத்துப் புதிது போடலாம், ராடைத் தொடவே வேண்டாம். பின்னைக் கவட்டையில் இறுக்கி நிறுத்திவிட வேண்டும். பின் கவட்டைக்குள்ளும் சுற்ற ஆரம்பித்தால் அங்கேயும் தேய்ந்து இரட்டை வேலையாகும்.

உருளை பேரிங்குகள்

சின்ன ஊசி உருளை பேரிங்குகள் இப்போது எளிதாகக் கிடைப்பதால், எல்லா மூட்டுகளிலும் அதையே போட்டுவிடலாமே என்ற ஆசை வருகிறது. ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் ஆமாம் என்பேன்: ரிட்டர்ன் கிராங்க் பின். அது முழுச் சுற்று சுற்றுகிறது. பெரிய ரயில் என்ஜின்கள் பலவற்றிலும் அந்த இடத்தில் பேரிங் வைத்திருந்தார்கள். மற்ற மூட்டுகள் எதுவும் சுற்றுவதில்லை, சில டிகிரி ஆடித் திரும்புகின்றன. அப்படி ஆடும்போது உருளைகள் ஒரே இடத்திலேயே உருண்டு, எண்ணெயைத் தள்ளிவிட்டு, பின்னில் வரிவரியாகப் பள்ளம் போட்டுவிடும். சாம்பல் தூசி உள்ளே போனால் இன்னும் சீக்கிரம். ரிட்டர்ன் கிராங்க்கிலும் ரப்பர் மூடி போட்ட பந்து பேரிங் கண்ணுக்குள் அடங்குமானால் அதைத்தான் போடுவேன். ஊசி உருளைக்கு மிகக் கடினமான, வழவழப்பான பின் வேண்டும். நம் பட்டறையில் முக்கி எடுத்த பின் அந்த அளவுக்கு எப்போதும் வருவதில்லை.

லிங்க்கும் டை ப்ளாக்கும்

நான் அதிக நேரம் யோசித்தது இந்த இடத்தில்தான். மற்ற மூட்டுகளில் தேய்ந்தது ஒரு வட்ட ஓட்டை. இங்கே தேய்ந்திருப்பது ஒரு வளைந்த பள்ளம், அதுவும் ஒரே இடத்தில்.

நான் எப்போதும் லீவரை முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் வைத்து ஓட்டுகிறவன். டை ப்ளாக் பள்ளத்தின் அந்த ஒரு இடத்திலேயே பல மணி நேரம் அசைந்து அசைந்து, அங்கே மட்டும் பள்ளத்தை 0.15 மி.மீ. அகலமாக்கியிருந்தது. இரண்டு கடைசிகளும் புதிது போல் இருந்தன. பள்ளத்தின் பக்கவாட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடிபோல் மின்னியது. மற்ற இடங்களில் செய்தவரின் அரக்கோடுகள் இன்னும் தெரிந்தன.

முதல் வழி, பள்ளத்தைத் தொடாமல் புது டை ப்ளாக் மட்டும் செய்வது. கடைசிகளுக்குப் பொருந்தும்படி செய்தால் தேய்ந்த இடத்தில் 0.15 ஆட்டம் மிஞ்சும். தேய்ந்த இடத்துக்குப் பொருந்தும்படி செய்தால் கடைசிக்குப் போகாது, ரிவர்ஸ் போட முடியாது. பள்ளத்தின் தேய்மானம் 0.1-க்குள் இருந்தால் இதுவே போதும் என்பது என் கணக்கு. பழைய ப்ளாக்கும் தேய்ந்திருக்கும் என்பதால் ஆட்டத்தில் நல்ல பங்கு அப்போதே போய்விடும்.

இரண்டாவது, பள்ளம் முழுவதையும் தேய்ந்த இடத்தின் அகலத்துக்கே கொண்டுவந்து, அதற்கேற்ற பெரிய ப்ளாக் செய்வது. நான் எடுத்தது இது. மில்லிங் மேசையில் ரேடியஸ் ராடின் நீளத்துக்குச் சமமான ஒரு கையைச் சுழலவிட்டு, அதன் நுனியில் லிங்க்கைக் கட்டி, பள்ளத்தின் இரண்டு பக்கங்களையும் மெல்லிசாக வருடி எடுக்கலாம். மில்லிங் இயந்திரம் இல்லையென்றால் நீல மை தடவிய ப்ளாக்கை ஓட்டிப் பார்த்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தாலும் எண்ணெய்க்கல்லாலும் எடுக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் கையாலும் வரும். ஆனால் அரம் வழுக்கும் அளவுக்குக் கடினப்படுத்திய லிங்க்காக இருந்தால் கல்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார வேண்டாம். மூன்றாவது வழிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது, புது லிங்க். தேய்மானம் 0.3-ஐத் தாண்டியிருந்தாலோ, முதலில் செய்தவரே பள்ளத்தின் வளைவைத் தவறாகப் போட்டிருந்தாலோ இதுதான். வளைவு தவறா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பிஸ்டனைக் கடைசியில் நிறுத்திவிட்டு லீவரை முன் கடைசியிலிருந்து பின் கடைசி வரை இழுங்கள். வால்ஷார்ட்ஸ் கியரில் லீடு மாறாது, ஆகவே வால்வு அசையாமல் நிற்க வேண்டும். ஆட்டமெல்லாம் எடுத்த பிறகும், எக்சென்ட்ரிக் ராடின் நீளமும் ரிட்டர்ன் கிராங்க்கின் கோணமும் சரியாக இருந்தும் வால்வு நகர்ந்தால், வளைவைச் சந்தேகப்படலாம்.

புது லிங்க்கைக் கம்ப்யூட்டரில் வரைந்து லேசரில் வெட்டி வாங்குவது இப்போது சுலபம். வெட்டிய ஓரம் கருகிக் கடினமாகியிருக்கும் என்பதால் பள்ளத்தில் பக்கத்துக்கு 0.3 மி.மீ. விட்டு வெட்டச் சொல்லி, மீதியை நாமே எடுக்க வேண்டும். தண்ணீர்ப் பீச்சில் வெட்டினால் ஓரம் கடினமாகாது, ஆனால் மேலும் கீழும் அகலம் லேசாக மாறும். எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் ஸ்டீல் நல்லது, தண்ணீரில் முக்குவதைவிடக் குறைவாகக் கோணும். குறைவாகக் கோணும் என்றாலும் கோணவே கோணாது என்று சொல்ல முடியாது. முக்கி எடுத்த பிறகு பள்ளத்தின் நடு இறுகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வாரக் கடைசியில் மட்டும் ஓடும் என்ஜினுக்கு லிங்க்கைக் கடினப்படுத்தாமல் விட்டு, டை ப்ளாக்கை வெண்கலத்தில் செய்தாலே வருடக்கணக்கில் போகும்.

ஸ்டீபன்சன் கியர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1842-ல் வந்த அந்த அமைப்பில் பெரும்பாலும் எல்லாமே சட்டகத்துக்கு நடுவே அடைந்து கிடக்கும், வேலை பார்க்கச் சக்கர அச்சையே கழற்ற வேண்டியிருக்கலாம். அங்கே லிங்க்கோடு எக்சென்ட்ரிக் பட்டைகளும் (அச்சில் மையம் விலகிச் சுற்றும் வட்டுகளைப் பிடிக்கும் இரு பாதி வளையங்கள்) தேயும். இரண்டு பாதிகளும் சேரும் முகத்தை அரத்தால் தேய்த்து நெருக்கிவிட்டால் போதும் என்று சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அப்போது ஓட்டை முட்டை வடிவாகிறது. நெருக்கிய பிறகு மறுபடி கடைந்தால்தான் வேலை முடியும். அந்தக் கியரில் லீவரை நடுப்பக்கம் கொண்டுவரும்போது லீடு தானாகவே மாறும், எனவே மேலே சொன்ன அசையாச் சோதனை அதற்குப் பொருந்தாது.

கியரையே மாற்றிவிடலாமா என்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க என்ஜின்களில் வந்த பேக்கர் கியரில் சறுக்கும் பள்ளமே கிடையாது, எல்லாம் பின் மூட்டுகள். புதிதாக என்ஜின் கட்டுகிறவர் யோசிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் தாங்கிகளையும் லீவர் அமைப்பையும் முழுசாக மாற்ற வேண்டும். தேய்ந்த நாலு மூட்டுக்காக அதைச் செய்ய மாட்டேன்.

என் என்ஜினில் கடைசியாகச் செய்தது இவ்வளவு. பள்ளத்தைச் சமன் செய்து பெரிய டை ப்ளாக், அதன் பின்னும் புதிது. ட்ரனியனுக்கும் ரேடியஸ் ராட் முன்முனைக்கும் ஸ்பிண்டில் மூட்டுக்கும் புஷ். ரிட்டர்ன் கிராங்க்குக்குப் பந்து பேரிங். மறுபடி கேஜ் வைத்தபோது 0.6 இருந்த இடத்தில் முள் 0.1-ஐத் தாண்டவில்லை. அப்புறம்தான் ஸ்பிண்டில் நட்டைத் தொட்டேன், இந்த முறை கால் மணி நேரத்தில் முடிந்தது. அழுத்திய காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நீராவி ஏற்றி, லீவரை மூன்றில் ஒரு பங்குக்கு இழுத்தேன். நான்கு ‘சுக்’கும் வந்தன.

யூனியன் லிங்க் பின்னை மட்டும் இன்னும் மாற்றவில்லை. கையால் ஆட்டினால் இப்போதும் கடகடவென்கிறது. 5 மி.மீ. பின்கள் கடைந்து எண்ணெய் தடவித் தயாராக இருக்கின்றன. அடுத்த முறை பாய்லர் சோதனைக்கு என்ஜினைப் பிரிக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.